பத்து யார்டு கூடுதல்

ஈஜிபுரா

அன்புள்ள மேகலா,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா?

எங்கள் கோல்ஃப் கடைக்குப் புது டிரைவர் வந்திருக்கிறது. முதல் அடியில் பந்தை வெகுதூரம் அனுப்புகிற, பெரிய தலை வைத்த மட்டை அது. சில கம்பெனிகள் வருஷத்துக்கு ஒன்று, சில இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று இறக்கிக்கொண்டே இருக்கின்றன. "பழசைவிடப் பத்து யார்டு கூடப் போகும் சார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி விற்பது நான்தான்.

நேற்று பொன்னப்பா சார் என்னைப் பிடித்துக்கொண்டார். வருஷம் தவறாமல் வாங்குகிறவர்.

"ஆறு வருஷமா பத்து பத்துன்னு சொல்றியேப்பா, இந்நேரம் அறுபது யார்டு கூடப் போகணும்ல? என் பந்து அதே மரத்துக்கிட்டதானே விழுது?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, புதுசையே வாங்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் வரும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் உங்களை இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று நான் ஆறு வருஷமாகச் சொல்வதை, நீயும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நம்புகிறாய்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நம் இனியனுக்கு ஷூ வாங்க வேண்டும், அவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. என் பர்ஸில் இருப்பது போன வருஷத்துக் கால்.

மதியழகன்