நாற்பத்தொன்றாம் வீட்டின் கோடு

பிப்ரவரி 6

புது மீட்டர்கள் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. நான்கு தெருக்கள், அறுநூற்றுச் சொச்சம் வீடுகள். எந்த வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது கால் மணிக்கு ஒரு முறை தானாக என் திரைக்கு வந்துவிடுகிறது. இனி மாலை நெரிசலில் டிரான்ஸ்ஃபார்மர் திணறினால் மொத்தத் தெருவையும் இருட்டாக்க வேண்டாம். சில வீடுகளை மட்டும் முறை வைத்து அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். எந்த வீடு என்று கணினி சொல்லும், நான் சரி சொல்ல வேண்டும். மேலாளருக்கு வாயெல்லாம் பல். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்பார்.

மூன்றாம் தெருவில் நாற்பத்தொன்றாம் எண் என் தம்பி வீடு. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 9

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். விடிந்ததும் ஒரு விளக்கு, பிறகு தண்ணீர் மோட்டார், எட்டு மணிவாக்கில் இஸ்திரிப் பெட்டி. ஆள் மாறவே இல்லை, இன்னும் அன்றன்றைக்குத்தான் சட்டை தேய்க்கிறான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டியத மீட்டர்ல பாத்துட்டு வந்து சொல்ற. உனக்கே நல்லா இருக்கா?" என்றார்.

பிப்ரவரி 10

நல்லாத்தான் இருக்கு.

பிப்ரவரி 18

சண்டையை நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முதல் மனைவி எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. அவள் இறந்து ஒரு வருஷம் முடிவதற்குள் அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். "அவ செருப்பு இன்னும் வாசல்ல கிடக்கு, அதுக்குள்ளயா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அதன் பிறகும் கல்யாணத்துக்கு அழைக்க வீடு தேடி வந்தான். உள்ளறையில் உட்கார்ந்துகொண்டே நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். செருப்பைப் பார்த்திருப்பான். என் செருப்பை.

புதியவளை இதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

மார்ச் 3

நாற்பத்தொன்றில் புதிதாக ஏதோ ஓடுகிறது. இரவு பகல் பாராமல் ஒரே அளவு, வரைந்து வைத்த மாதிரி நேர்கோடு. ஃப்ரிட்ஜ் என்றால் விட்டு விட்டு ஓடும், கோடு ஏறி இறங்கும். இது நிற்கிற பேச்சே இல்லை. கதவு ரப்பர் போன பழைய ஃப்ரிட்ஜாகத்தான் இருக்கும். கஞ்சப் பிசினாரி, யாரோ கழித்துக்கட்டியதை வாங்கிப் போட்டிருக்கிறான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இஸ்திரிப் பெட்டி ஓடியும் பல நாளாகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துச் சோம்பல் வந்துவிட்டது போல.

மார்ச் 8

வீடு வீடாக நோட்டீஸ் போயிற்று. மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி யார் வீட்டிலாவது இருந்தால் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள், அந்த வீட்டை நிறுத்த மாட்டோம் என்று. அலுவலக எண் இன்னும் கிடைக்காததால் என் சொந்த எண்ணையே போட்டோம். லைன்மேன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் ஊழியர்களிலேயே உயரமானவர், அவரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவோம்.

பத்துப் பன்னிரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் மீன் தொட்டி மருத்துவக் கருவியா என்று கேட்டார்.

மார்ச் 14

நிறுத்தத் தகுந்த வீடுகளைக் கணினி பொறுக்கிக் கொடுத்தது. நாற்பத்தொன்றும் அதில் இருந்தது. சீரான சுமை, நிறுத்தினால் பாதிப்பு இல்லை என்று காரணம். ஒரு நிமிஷம் கை நின்றது. தம்பி வீடு என்பதற்காக விட்டால் சலுகை காட்டியதாகும் என்று நினைத்தேன். அரை மணியில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது கெட்டா போகும்?

சரி போட்டேன்.

மார்ச் 16

எழுத வரல.

சாயங்காலம் சோதனை. சுமை எல்லையைத் தொட்டதும் வீடுகள் முறைப்படி நின்றன, டிரான்ஸ்ஃபார்மர் சுமை அழகாக இறங்கியது. சதவீதம் எல்லோருக்கும் டீ சொன்னார். கோப்பையைக் கையில் எடுத்தேன், ஏணியிடமிருந்து போன். "மேடம், நாப்பத்தொண்ணுக்கு உடனே கரண்ட் குடுங்க! ஒரு அம்மாவ நாற்காலியோட தூக்கிட்டு இறங்குறாங்க. மூச்சு மெஷின் நின்னுடுச்சாம்!"

மூச்சு மெஷினா? அது ஃப்ரிட்ஜ். பைத்தியக்காரி மாதிரி அவரிடமே சொன்னேன், "அது ஃப்ரிட்ஜுங்க" என்று. மறுபக்கம் ஒரு ஆள் கத்துகிற சத்தம் கேட்டது. நாலு வருஷம் கழித்துக் கேட்கிற குரல்.

இணைப்பைத் திரும்பக் கொடுக்கப் போனால் கணினி காரணம் கேட்கிறது. கடவுச்சொல் கேட்கிறது. இரண்டு தரம் தப்பாக அடித்தேன். கரண்ட் போய்ச் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

கோடு கோடுன்னு பாத்தியே, அது ஒருத்தி மூச்சுடீ.

மார்ச் 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி நடைபாதை பெஞ்சில் இருந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது. சட்டை கசங்கிக் கிடந்தது. மீட்டர் இதையெல்லாம் காட்டாது.

"நீயா நிறுத்துன?"

"சிஸ்டம்தான் பொறுக்கிக் கொடுத்தது..."

"சிஸ்டம்னா யாருக்கா?"

நோட்டீஸ் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான். "அப்புறம் ஏண்டா கூப்பிடல?"

"கீழ உன் நம்பர் இருந்துச்சு. ரெண்டு நாள் போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ எடுத்தா என்னன்னு சொல்றது? நீ அவ முகத்தக்கூடப் பாத்ததில்ல. ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கு, சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். நேத்துப் பாத்தா அது காலி."

அவன் கூப்பிடவில்லை. நான் கேட்கவில்லை. நடுவில் அவள் மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

மார்ச் 19

இன்று பேசினாள். மெலிந்த முகம், கண்ணில் குறும்பு. முகமூடியை நகர்த்திவிட்டு, "அண்ணிதானே? உங்க நம்பர் எனக்கு மனப்பாடம். நோட்டீஸ ஃப்ரிட்ஜ் கதவுலதான் ஒட்டி வெச்சிருக்கார்" என்றாள்.

ஃப்ரிட்ஜ் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது நான் வர்றதுக்கு முன்னாலயே இருக்கே அண்ணி. நல்லா ஓடுது."

வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். நுரையீரல் முன்பே கெட்டுப்போயிருந்தது, அந்த அரை மணியால் பெரிதாக ஒன்றும் கூடிவிடவில்லை என்கிறார் டாக்டர்.

மார்ச் 24

அறிக்கை தயார். சோதனை தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சதவீதம் வெற்றியாம். மீதிப் புள்ளி இரண்டில்தான் என் தம்பி வீடு இருக்கிறது.

நான் பெயர் போட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சோதனைக்கு முன் ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து நேரில் கேட்க வேண்டும் என்றேன். "புத்திசாலி மீட்டர வெச்சுட்டு வீடு வீடாப் போய் நிப்பீங்களா?" என்றார் சதவீதம். நிற்பேன் என்றேன். நாற்பத்தொன்றின் கோடு இனி என் திரைக்கு வர வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 6

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. தினமும் சாயங்காலம் போகிறேன். மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டே இருக்கிறது. அதை மீறி அவள் பேசுவது கேட்க நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குக் கரண்ட் அண்ணி என்று பெயர் வைத்திருக்கிறாள். மன்னிச்சுடும்மா என்று இன்று சொல்லியே விட்டேன். "மன்னிச்சாச்சு. நாளைக்கு நகவெட்டி கொண்டாங்க, இவருக்கு வெட்டிவிடத் தெரியல" என்றாள்.

ஏப்ரல் 7

நகம் வெட்டிவிட்டேன். சின்னக் கை.

நாலு வருஷத்தை என்ன செய்தேன்?

ஏப்ரல் 21

ஏணியும் நானும் இரண்டாம் தெருவை முடித்தோம். கூப்பிடாத மூன்று வீடுகளில் கருவி இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால், ஒருவர் கூச்சமாக இருந்தது என்கிறார், இன்னொருவர் மறந்துவிட்டேன் என்கிறார். மூன்றாவது வீட்டில் ஒரு மகன், "யாராவது வந்து கேப்பாங்கன்னு நெனச்சோம்" என்றான்.

சாயங்காலம் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22

காலையில் போன் வந்தது. நோட்டீஸ் போட்டதிலிருந்து பழக்கமாகிவிட்டதால் யார் என்று பார்க்காமலே, "மின் சோதனைப் பிரிவு, சொல்லுங்க" என்றேன்.

மறுபக்கம் சத்தமே இல்லை. அந்த இரைச்சல்கூட இல்லை.

"அக்கா" என்றான் தம்பி. "அவ போயிட்டா. விடியறப்பவே போயிட்டா. மெஷின் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு." பிறகு சொன்னான், "இந்தத் தடவ நான்தான்க்கா நிறுத்துனேன்."

வந்துட்டே இருக்கேன் என்றேன்.