மழைக்குச் சாயாத ஐரிஸ்

காலையில் கராஜில் மண்வெட்டியைத் தேடினேன். கையில் அகப்பட்டது ரொட்டி அறுக்கும் உன் பாண் கத்தி. அதன் பற்களுக்கு இடையில் உன் வீட்டு வளவு மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஐரிஸ் பூச்செடியின் பற்றையைப் பிளக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை என்பாய். கத்தி தோட்டத்துக்குப் போன பிறகு உன் வீட்டில் பாணைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட்டார்கள்.

அந்தக் கத்தியோடுதான் இன்று பின்வளவில் குந்தியிருந்தேன். கோடை முடிகிறது. பற்றை நடுவில் வெறுமையாகி, சுற்றிவர மட்டும் இலை விட்டிருந்தது. பிரித்து நடவேண்டிய காலம். வேர் அறுபடும் சத்தம் கேட்டதும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

நம்மைச் சேர்த்தது பூ அல்ல, அழுக்குத் துணி. ஊரை விட்டு வந்து சேர்ந்த ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் ஒரே ஷிப்ட். நீ மன்னார், நான் சாவகச்சேரி. இருவருக்கும் வீடு அஜின்கோர்ட்டில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில். ஒருநாள் ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டொன்றோடு பஸ்ஸில் ஏறினாய்.

"உதென்னடி, புல்லுக்கட்டு?"

"புல்லில்லை, சைபீரியன் ஐரிஸ். சேர்ச்சில செடி வித்தவை. பூக்கட்டும், பிறகு கதை."

பூத்தது. கடும் ஊதா. சீசர்ஸ் பிரதர் என்று பெயர். அடுத்து, வெள்ளையும் மஞ்சளுமான பட்டர் அண்ட் சுகரை வாங்கினாய். மற்றவர்கள் படத்தைப் பார்த்து நிறத்துக்கு மயங்குவார்கள். நீ செடிக்கடைக்காரரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: மழைக்குப் பிறகு தண்டு நிமிர்ந்து நிற்குமா? அவர் தயங்கினால் செடியைத் திருப்பி வைத்துவிடுவாய்.

பிறகு, கடையில் இல்லாத ஒன்று வேண்டும் என்று தொடங்கினாய். தேனீ வருமுன் ஊதாவின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் தடவினாய். இலையுதிர் காலத்தில் விதையைச் சட்டிகளில் போட்டு, பனிக்குள்ளேயே விட்டுவிட்டாய். "குளிர் பிடிச்சால்தான் உதுகள் முளைக்கும்" என்றாய். வசந்தத்தில் பச்சை மயிர் போல முளைத்தவற்றை வேலியோரம் வரிசையாக நட்டாய்.

அவை பூக்க முன்னரே உன் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்தேற்றிய கோடையிலும் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு களை பிடுங்கினாய்.

"விடடி, நான் செய்யிறன்."

"நீ புல்லையும் ஐரிஸையும் ஒண்டாப் பிடுங்குவாய். தள்ளி நில்."

தள்ளி நின்றேன். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்: "உதுகள் பூக்கேக்க நான் இல்லாட்டி நீதான் தெரிஞ்செடுக்க வேணும். எல்லாத்தையும் வச்சிருக்கப் பாப்பாய். பாவம் பாக்காத. நல்லது ஒண்டு போதும்."

"நீயே இருந்து தெரிஞ்செடு."

"கதையை விடு. ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். மாசிப் பனியில் நீ போய்விட்டாய்.

வசந்தம் வந்தபோது உன் வீடு விலைப்பட்டிருந்தது. உன் கணவர் அன்ரன் அண்ணை பிக்கரிங்கில் மகனோடு இருக்கப் போவதாக முடிவு. வாங்கியவர்கள் பின்வளவு முழுவதும் கல் பதிக்கப் போகிறார்களாம். அண்ணை சமையலறை யன்னலின் திரையைத் திறப்பதே இல்லை.

"எனக்கு அங்கால பாக்கேலாமல் கிடக்கு, தங்கச்சி. எல்லாத்தையும் கிண்டி எறிஞ்சுபோட்டு விடுவம்."

"ஒண்டும் எறியேலாது, அண்ணை. முதல் பூக்கட்டும். எறியிறதை நானே எறியிறன்."

ஜூன் முடிவில் வீட்டைக் காலிசெய்து திறப்பைக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் குளிர் விலகவே இல்லை. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் உன் வேலியோரம் போய் நின்றேன். மொட்டுகள் பென்சில் முனை போல இறுகிக் கிடந்தன. வீட்டுச் சாமான்கள் பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. கடைசி வாரத்தில்தான் விரிந்தன: ஊதா, இளநீலம், கத்தரிப்பூ நிறம். நடுவில் ஒரு தூய வெள்ளை, தொண்டையில் மட்டும் பச்சை. அதைப் பார்க்க அன்ரன் அண்ணையே வெளியில் வந்தார்.

அடுத்த நாள் இடிமழை. விடிந்ததும் ஓடினேன். வரிசை முழுவதும் சாய்ந்து கிடந்தது. வெள்ளையின் முகம் சேற்றில். ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. சாம்பல் கலந்த நீலம், நம் சலவை அறை உடுப்பின் நிறம். அதுவரை அதை நான் ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. பார்த்தபோது கோபம்தான் வந்தது. இதுவா?

என் வளவில் ஒரு பற்றைக்குத்தான் இடமிருந்தது. கை வெள்ளைக்குத்தான் போனது. ஆனால் உனக்கு ஓம் என்று சொல்லியிருந்தேன். நீலத்தை மண்ணோடு தோண்டி வாளிக்குள் வைத்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொத்திப் பிடுங்கி, குப்பைக்கு வைக்கும் காகிதப் பைகளில் திணித்தேன். அழுதேன். ஆனால் நிறுத்தவில்லை. கடைசியாக வெள்ளைக்கு வந்தபோது அண்ணை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"உதை விடும், தங்கச்சி."

"உது நிக்காது, அண்ணை. அவளே எறியச் சொல்லியிருப்பாள்."

"அவ சொல்லுவா. நான் அவ இல்லை. விழுந்தால் தடி கட்டுவன்."

நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும் ஏசியிருப்பாய். வெள்ளையை ஈரத் துவாயில் சுற்றிக் கொடுத்தேன். மகனின் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு பிக்கரிங் போனார்.

பூத்து நிற்கும்போது தோண்டியது பிழையான காலம். என் வளவில் நீலத்தின் இலைகள் கருகின. அந்தக் கோடை முழுவதும் வேலை முடிந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்றாமலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த ஜூனில் பூ இல்லை. "அது செத்துப்போச்சு அம்மா, let it go" என்றாள் என் மகள். விடவில்லை. அதற்கடுத்த வருடம் ஒரேயொரு தண்டு வந்தது. பிறகு பற்றை கட்டியது. எத்தனையோ மழை பார்த்துவிட்டது. இன்னும் சாயவில்லை. அன்ரன் அண்ணை ஒவ்வொரு வருடமும் போன் எடுப்பார்: "வெள்ளை பூத்திருக்கு. விழுந்துதான் கிடக்கு. கட்டிவிட்டிருக்கிறன்."

இன்று அந்த நீலத்தைத்தான் பிளந்தேன். ஒரு துண்டு அண்ணைக்கு, ஒன்று சலவை அறையில் உன் இடத்துக்கு வந்த பிலிப்பினோப் பெண்ணுக்கு, மிச்சம் எனக்கு.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது செடி மட்டுமல்ல. அழகாயிருக்கிறது, ஆனால் போதாது என்று சொல்லும் வாயும் வந்திருக்கிறது. அப்படிச் சொல்ல இப்போதும் மனம் வருவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இந்த ஜூனில் பிக்கரிங் போய், வெள்ளையின் மகரந்தத்தை ஒரு சிறிய டப்பாவில் கொண்டுவந்து நீலத்தில் தடவினேன். இன்று எனக்கென்று அசைக்காமல் விட்ட பக்கத்தில், தண்டில் காய் முற்றிக்கொண்டிருக்கிறது. உன் வெள்ளையை நீலத்தின் தண்டில் நிமிர்த்திப் பார்க்கப் போகிறேன். குந்தினால் எழும்புவதற்கு வேலியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பூக்க இன்னும் சில பனிக்காலங்கள் போக வேண்டும். போகட்டும். விதை கறுத்ததும் சட்டியில் போடுவேன். முளைக்காவிட்டால் அடுத்த வருடமும் போடுவேன்.