செப்டெம்பரில் வாருங்கள் அத்தான்

கோல்டிங், டென்மார்க்
28.04.2025

அன்புத் தம்பி தீபனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். நீ திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று கை நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனுக்கு வருவதெல்லாம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் டாப்லெட்டிலும் வந்து விழுகிறது. உன் அத்தானுக்கு இப்போது அதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அதனால் நீ எனக்குப் போனில் ஒன்றும் எழுதாதே. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து விலாசத்துக்கு எழுது.

நீ ஸ்பெயினுக்குப் போன அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மகள் இருக்கிறாள் என்று அத்தானே சொல்லிவிட்டார். அவருடையது இறைச்சித் தொழிற்சாலையில் பழகிய டேனிஷ். டொக்டர்மார் கடகடவென்று கதைத்தால் பிடிபடாது. எனக்கு எல்லாம் விளங்கியது. கணையத்தில் இருந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டதாம். மருந்து வேலை செய்யவில்லை, இனிக் கொடுத்துப் பயனில்லை, கோடை முடியும்வரை இருப்பதே சந்தேகம் என்றார் டொக்டர்.

அத்தான் அபிதாவைத் திரும்பிப் பார்த்து, "என்னவாம் பிள்ளை?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "மருந்து இனித் தேவையில்லையாம் அப்பா" என்றாள். நானும் தலையாட்டினேன்.

அத்தான் எழும்பி டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு கீழே போய்க் கேக் வாங்கிவந்து நேர்ஸ்மாருக்குக் கொடுத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நிமிராமல் கேக்கை வெட்டினேன் தம்பி. வெட்டி எல்லோருக்கும் நீட்டினேன்.

வருடா வருடம் மே மாதத்தில் நீங்கள் இருவரும் ஸ்பெயினுக்குச் சைக்கிள் ஓடப் போகிறவர்கள். இந்தமுறை வைத்தியம் நடந்ததால் உன்னைத் தனியே அனுப்பினார். இப்போது சுகமாகிவிட்டது, நானும் போகிறேன் என்று நிற்கிறார். உன்னிடம் கேட்பார். செப்டெம்பரில் வரச் சொல்லு. சைக்கிள் விடயத்தில் நீ சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்புவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
அக்கா சரோ

---

பெர்லாங்கா, ஸ்பெயின்
06.05.2025

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிக்காரப் பெண் முந்தநாள் காலையில் தந்தாள். வாசித்துவிட்டு அறையில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கலத்தன்யாசோர் என்ற ஊர்வரை போனேன். மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், உடைந்த கோட்டை, தெருவில் ஒரு நாய். வழியில் என்னைக் கடந்து போனது ஒரு டிராக்டர் மட்டும்தான். இரண்டு பக்கமும் பச்சைக் கோதுமைக்குள் சிவப்புப் பூக்கள். இந்த இடத்தை வரைபடத்தில் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தவர் அத்தான். நான் வெறும் வால்.

அவர்தான் எப்போதும் முன்னுக்கு ஓடுவார், காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு. "பின்னால ஒட்டிக்கொண்டு வாடா, களைக்காது" என்பார். இந்தமுறை காற்று முழுவதும் எனக்குத்தான். அழுதுகொண்டு மேட்டில் ஏறக் கூடாது அக்கா, மூச்சு வராது.

நேற்று அவரே போன் எடுத்தார். "நான் இப்ப வரட்டோ?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோஷம். "பார்த்துச் சொல்லுறன் அத்தான்" என்று வைத்துவிட்டேன்.

அக்கா, அவருக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இங்கே அனுப்புங்கள். இப்போது அவருக்கு நடக்க முடிகிறது, சாப்பிட முடிகிறது. நான் முன்னுக்கு ஓடுகிறேன், அவர் பின்னால் வரட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். ஏலாவிட்டால் மோட்டர் பூட்டிய சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். செப்டெம்பர் என்று ஒன்று அவருக்கு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது என்ன நியாயம்?

உங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
தீபன்

---

கோல்டிங்
14.05.2025

அன்புத் தம்பிக்கு,

நியாயம் கேட்டு எழுதியிருக்கிறாய். நியாயம் எனக்கும் தெரியும். ராசமலர் அக்காவின் கணவரை நினைத்துப் பார். டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். இந்த நாட்டு வழக்கம் அது. மனிசன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நோய் கொல்லமுதல் அந்தச் சொல் கொன்றுவிட்டது.

உன் அத்தான் நேற்று மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கராஜில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றிக் கழுவிப் பூட்டுகிறார். அபிதாவோடு பகிடி விடுகிறார். அவள் டேனிஷில் பதில் சொல்ல, "தமிழில சொல்லு, இல்லாட்டி எனக்கு விளங்காது" என்கிறார். அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து பிடுங்க என்னால் முடியாது. அங்கே அனுப்பவும் முடியாது. எங்கோ ஒரு மேட்டில் விழுந்து, மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் கிடந்தால் நான் என்ன செய்வேன்? என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

தினமும் கேட்கிறார், தீபன் ஏன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று. சொல்லு தம்பி. செப்டெம்பர் என்று சொல்லு. உண்மையைச் சொன்னாயானால் எனக்கு இனித் தம்பி இல்லை. கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

நீ கோபிக்க மாட்டாய் என்று நம்பும்
அக்கா

பி.கு. வருட முடிவோடு கடிதம் கொண்டுவந்து தருவதையே இந்த நாட்டுத் தபாலில் நிறுத்தப் போகிறார்களாம். அதற்கிடையில் எல்லாம் முடிந்துவிடும்.

---

பெர்லாங்கா
22.05.2025

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

"அத்தான், இப்ப வேண்டாம். இங்க காத்து சரியான மோசம், மேடும் கூட. செப்டெம்பர்தான் நல்லம். நீங்கள் அதுக்கிடையில உடம்பைத் தேத்துங்கோ" என்றேன். அவர், "நீ சொன்னால் சரிதானடா. செப்டெம்பருக்கே வாறன்" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்றைக்குக் காற்றே இல்லை அக்கா. ஓர் இலை ஆடவில்லை. இந்தப் பயணத்திலேயே அப்படி ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. அத்தான் பார்க்க ஆசைப்பட்ட சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனேன், வெட்டவெளியில் தனியே நிற்கிறது. உள்ளே நடுவில் ஒரு தூண், மேலே போய்ப் பனையோலை மாதிரி விரிந்து கூரையைத் தாங்குகிறது. சுவரில் இருந்த சித்திரங்களை முந்திய காலத்தில் உரித்து விற்றுவிட்டார்களாம். இருந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். பெருவிரல் ஒன்று பதிலாக வந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரை விட்டு நான் மட்டும் ஓடுகிறேன் என்பது ஒவ்வொரு மிதிக்கும் தெரிகிறது. லீவு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. எப்போது முடியும் என்றிருக்கிறது.

தீபன்

---

கோல்டிங்
03.06.2025

தம்பி,

எல்லாம் தெரிந்துவிட்டது.

போன கிழமையே சாப்பாடு குறைந்துவிட்டது. கண் மஞ்சள். நேற்றுக் கொம்யூனில், நகரசபையில் இருந்து புது நேர்ஸ் ஒருத்தி வந்தாள். நான் வேலையில், அபிதா வகுப்பில். கடைசிக் காலத்து நோயாளிக்கு மருந்துகள் இலவசம், கட்டில் ஒன்றும் வரும், கடைசி நாட்களில் வைத்துப் பார்க்கும் ஹொஸ்பிஸுக்குப் போக விருப்பமா என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நல்ல பிள்ளை, வெளிநாட்டு மனிசன் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு வடிவாக விளங்கிவிட்டது.

நான் வந்தபோது கதிரையில் இருந்தார். கத்துவார், அழுவார் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

"தீபனுக்குத் தெரியுமோ?"

நான் ஓம் என்றேன்.

"எப்பயிருந்து?"

"முதல்லயிருந்து."

அதற்குப் பிறகு எங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. இன்று ஹொஸ்பிஸில் சேர்த்தோம். அங்கே நேர்ஸோடு டேனிஷில் கதைக்கிறார். தெரிந்த பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு, கையைக் காட்டி, எல்லாவற்றையும் தானே கேட்கிறார். எவ்வளவு நாள், நோகுமா, மூச்சு எப்படி நிற்கும் என்று. அபிதா இடையில் புகுந்து தமிழில் சொல்லப் போனாள். கதவைக் காட்டினார். இவ்வளவு வருடம் டேனிஷ் கதைக்கக் கூச்சப்பட்ட மனிசன் தம்பி. இப்போது தமிழ் கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்.

நான் என்ன செய்துவிட்டேன்?

அக்கா

---

ஒடென்சே
09.06.2025

அக்காவுக்கு,

கடிதம் கண்ட அன்றே திரும்பிவிட்டேன். உங்கள் போன் அடித்து ஓய்கிறது. அத்தானின் போனை எடுத்துக் கேட்டுவிட்டு, குரல் தெரிந்ததும் வைத்துவிட்டார்கள். அவரா, நீங்களா தெரியாது. அதனால்தான் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

நான் வரவேண்டும். மன்னிப்பு வாங்க இல்லை. அவர் ஏசட்டும், காறித் துப்பட்டும். ஒருக்கால் அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். கோல்டிங் எவ்வளவு தூரம், ஒரு மணித்தியாலம்கூட இல்லை. உங்கள் சொல் இல்லாமல் வந்து வாசலில் நின்று அவரை வருத்தப் பயமாக இருக்கிறது. கேட்டுச் சொல்லுங்கள் அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தீபன்

---

கோல்டிங்
13.06.2025

தம்பி தீபனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவரிடம் கேட்டேன். தமிழில் கேட்டால் திரும்ப மாட்டார் என்று நேர்ஸை வைத்துக்கொண்டு டேனிஷில் கேட்டேன். முப்பது வருடம் ஒரு கட்டிலில் படுத்த மனிசனிடம் டேனிஷில் கேட்டேன்.

அவர் நேர்ஸைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். மனைவி வரலாம், மகள் வரலாம், மச்சான் வேண்டாம் என்றார். அவள் மெதுவாக, ஏன் என்று கேட்டாள். அவர் தன்னுடைய தொழிற்சாலை டேனிஷில், சொல் சொல்லாகச் சொன்னார்: "மே மாதம் நல்லது. நான் பலம். சைக்கிள் முடியும். அவனுக்குத் தெரியும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்ல வைத்தவள் நான். என்னைக் கால் பிடித்துவிட அனுமதிக்கிறார். பழியை உன்னில் போட்டிருக்கிறார். நான் பயந்தவள், அபிதா சின்னப்பிள்ளை, நீ அவருடைய சிநேகிதன். அப்படித்தான் நினைக்கிறார் போல. அவரிடம் கேட்டு அறியவும் இனி எனக்கு மொழி இல்லை.

அவர் களைத்துப்போய் இருக்கிறார், இரண்டு நாள் கழித்து வா என்று உனக்கு எழுதத்தான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதுவது எனக்கு நன்றாக வரும். ஒரு தாளில் எழுதியும்விட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான், நான் ஒன்றும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வராதே தம்பி.

அக்கா