புஷ்பத்துக்கு எந்த நாள்?

மே 4, ஞாயிறு

காலையிலிருந்து மேகம் இறங்கிக் கிடக்கிறது. ஆராதனைக்கு வந்தவர்களில் பாதி சுற்றுலாக்காரர்கள். சீசன் வேலைக்குப் போய்விட்ட நம் பெண்கள் உட்காரும் இரண்டு பெஞ்சும் காலி.

போன மாதம் புஷ்பம் கேட்டது மறக்க மாட்டேன் என்கிறது. "எல்லாருக்கும் ஞாயித்துக்கெழம ஓய்வுநாளு. எனக்கு எந்த நாளு டீச்சர்?"

அட்டுவம்பட்டியில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் அறை சுத்தம் செய்கிறாள். சீசனில் ஞாயிறுதான் அவளுக்கு முதுகு ஒடிகிற நாள். சீசன் முழுக்கக் கோயிலுக்கு வர முடியாது. வராததற்கு வெட்கப்பட்டு, சீசன் முடிந்த பிறகும் வருவதில்லை. "கோயில் பதிவேட்டுல எம் பேர எடுத்துருங்க" என்றும் சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் வகுப்பில் நின்றுவிட்டு, இப்போது கோயிலில் பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்பவள் நான்; அவள் பெயரை எடுக்கவில்லை.

இன்று கமிட்டியில் கேட்டேன்: சுற்றுலாக் கூட்டம் குறையும் திங்கள் மூன்று மணிக்கு இவர்களுக்கு ஓர் ஆராதனை. செயலாளர் தானியேல் அண்ணன், "திங்கக்கெழம யாருங்க வருவா?" என்றார். ஆயர் ஐயா நடுவில் வந்தார். நாலு திங்கள் பார்ப்பது. சரிவராவிட்டால் நிறுத்திவிடுவது.

மே 5, திங்கள்

தூறல். வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, ரஸ்க், என் முட்டி வலித் தைலம்.

நிகழ்ச்சி நிரல் அழகாக வந்தது. 3.00 பாட்டு. 3.15 சங்கீதம். 3.30 வேத வினாடி வினா. 4.00 பாட்டுப் பயிற்சி. 4.30 சாட்சி. 5.00 ஜெபம். புது வருகைப் பதிவேடு, கோடு போட்டு.

ஒன்பது பேர். புஷ்பம் வந்தாள்! கதவோரம் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் டீ குடித்தேன், சந்தோஷத்தில்.

மே 12, திங்கள்

நாலே பேர். புஷ்பம் இல்லை.

கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்கே போனேன். பக்கத்து வீட்டுச் சாந்தாவும் இருந்தாள். ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்பவள். போன வாரம் வந்தவள்தான், இன்று வரவில்லை.

புஷ்பம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். எங்கம்மா சிலோன் தேயிலத் தோட்டத்துல வளந்தவங்க. அங்க வெள்ளனே பெரட்டுன்னு ஒண்ணு நடக்குமாம். வரிசையா நிக்கவச்சுப் பேரு கூப்பிட்டு, வேலையப் பிரிச்சுக் குடுப்பாங்களாம். நீங்க நோட்ட விரிச்சதும் எனக்கு அந்த நெனப்புதான். ஞாயித்துக்கெழம அங்க டூட்டி, திங்கக்கெழம இங்க டூட்டி."

சாந்தா விடவில்லை. "வினாடி வினா வேற! கேள்வி கேப்பாகன்னு பயந்துதான் அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த விட்டு வெரசா ஓடியாந்தேன். அறுபது வயசுல திரும்பப் புடிச்சிட்டீகளே!"

மூவரும் சிரித்தோம். வீடு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு இல்லை.

மே 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. பேரி மரத்தில் நல்ல பிஞ்சு.

நிரலை எடுத்துச் சிவப்பு மையால் அடித்தேன். வினாடி வினா, அடி. பயிற்சி, அடி. சாட்சி, அடி. (இது கஷ்டமாக இருந்தது.) மிஞ்சியவை பாட்டு, சங்கீதம், ஜெபம். அதன்கீழ் பெரிய வெற்றுக் கட்டம்.

கை பரபரத்தது. லீவில் போன ஆசிரியரின் பீரியடைக்கூடச் சும்மா விடாமல் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தவள் நான். பேனாவை மூடினேன். பதிவேடு டிரங்குப் பெட்டிக்குள்.

மே 19, திங்கள்

காலை வெயில், மத்தியானம் மழை. வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்: கம்பளி கொண்டுவாங்க.

பதினோரு பேர். புஷ்பமும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம். புஷ்பம் ஜெபித்தாள், சின்னதாக, கேட்டுப் பழகிய சொல் ஒன்றுகூட இல்லாமல். இருபத்தைந்து நிமிடம். பிறகு ஞாயிறு பள்ளி அறையில் பாய் விரித்தேன்.

"படுக்கணுமா டீச்சர்?"

"படுங்க."

சாந்தா: "பெறகு கொறட்ட விட்டேன்னு கோயில்ல அறிவிப்புக் குடுத்துராதீக."

கொஞ்ச நேரம் கிசுகிசு. பிறகு தகரக் கூரையில் மழை மட்டும்.

3.50: தானியேல் அண்ணன், குடையோடு. "என்னங்க டீச்சர் இது? ஆராதனையா, ஆசுபத்திரி வார்டா?"

உதாரணம் சொன்னேன். கரும்பலகையை அழித்தால்தானே அடுத்த பாடம் எழுத முடியும் என்று. "கரும்பலகை வேற, கர்த்தர் வீடு வேற" என்றார். தோற்றேன்.

புஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த கொண்டையோடு.

"அண்ணே, எங்க காட்டேஜுல பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டி காலி பண்ணும். ஒரு மணிக்குத்தான் அடுத்த பார்ட்டிய விடுவாங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் சன்னலத் தெறந்து காத்தாடப் போட்டுருவோம். அப்பத்தான் வர்றவுகளுக்கு அது ரூமு. அந்த ரூமுக்குக் கெடைக்கிறது எனக்கு இப்பத்தாண்ணே கெடச்சிருக்கு. ஜெபம் பண்ணிட்டுத்தான் படுத்தோம்."

அண்ணன் குடையைச் சுருக்கினார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. ஒரு பாய் சும்மாதான் கெடக்கு" என்றாள் புஷ்பம்.

அவர் வரவில்லை. ஆனால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

என் உதாரணம் எல்லாம் அவளுடைய ஒன்றின் முன்னால் ஒன்றுமில்லை. பெருமை கூடாது என்பார்கள். இன்று எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

மே 25, ஞாயிறு

கமிட்டி. நாலாவது திங்கள் இன்னும் வரவில்லை, அண்ணனே பேச்சை எடுத்தார். நிறுத்தத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த ஞாயிறு பள்ளி ரூமுல வடக்கு மூலை ஒழுகுது. தகரம் மாத்தணும். ஆளுக படுக்குற எடம்." அவ்வளவுதான். ஆயர் ஐயா குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க.

மே 26, திங்கள்

மேகம், குளிர். பதினான்கு பேர். நடத்தியது புஷ்பம். நான் போன வாரம் போலவே வாசலில் நாற்காலி போட்டேன்.

"டீச்சர், நீங்களும் படுங்க. காவல் காக்குறதும் சோலிதான்."

"பதிவேட்டுல உன் பேர எடுக்கச் சொன்னியே?"

"அது போன மாசம்" என்று என் பக்கம் ஒரு கம்பளியைத் தள்ளினாள். தூங்கிவிட்டேன். எழுப்பியது அவர்களுடைய பாட்டு.

எனக்குப் பின் இந்த வேலைக்கு வருகிறவர் இந்த நோட்டைப் புரட்டினால், அவருக்கு: வாரத்தின் அட்டவணையைப் போட்டு முடித்ததும் ரப்பரை எடுத்து ஒரு கட்டத்தை அழியுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள்.