நூற்றுப் பன்னிரண்டு ராத்தல்

இன்று காலை சர்க்கரை வாங்கப் போனேன். கடைக்காரர் தராசில் பளபளவென்று ஒரு புது எடைக்கல்லை வைத்தார். "இனிமே ராத்தல்லாம் கெடையாது பாய். சர்க்காரு சொல்லிட்டான், எல்லாம் கிலோதான்" என்றார். பழைய ராத்தல் கற்கள் மூலையில் ஒரு கோணிப்பையில் கிடந்தன. நான் வந்த வேலையை மறந்து அந்தக் கோணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நூத்திப் பன்னண்டு ராத்தலு எவ்ளோ கிலோ வரும்?" என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "அம்பது, அம்பத்தொண்ணு வரும். இன்னாத்துக்கு அவ்ளோ சக்கரை? வூட்ல எதுனா விசேஷமா?" என்றார்.

விசேஷம் ஒன்றுமில்லை. உன் ஞாபகம்தான். உடனே நான் கடைவாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதாக நினைத்துவிடாதே. எரிச்சல்தான் வந்தது. நீ போய் இரண்டு வருஷமாகியும் அந்த எரிச்சல் தீரவில்லை. செத்துப்போனவனோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எங்கே சண்டை போட விட்டாய்?

குத்துச்சண்டையில் நூற்றுப் பன்னிரண்டு ராத்தலுக்குள் இருப்பவன் ப்ளைவெயிட். அதற்குமேல் நூற்றுப் பதினெட்டு வரை பேன்டம் வெயிட். நான் பேன்டம். நீயும் ஒழுங்காகச் சோறு தின்றால் சரியாக நூற்றுப் பதினெட்டு வருவாய். ஆண்டவன் உன்னை பேன்டமாகத்தான் படைத்திருந்தான். நீயோ ப்ளைவெயிட்டை விட்டு நகரமாட்டேன் என்று ஆறு வருஷம் அடம்பிடித்தாய்.

ஒவ்வொரு போட்டிக்கும் பத்து நாள் முன்பே அந்தக் கூத்து ஆரம்பமாகிவிடும். உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உன் ஊரான நெட்டுக்குப்பத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஓடுவாய். கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூடக் கிடையாது. எலுமிச்சைத் துண்டை வாயில் அடக்கி, ஊறுகிற எச்சிலை ஒரு தகர டப்பாவில் துப்பிக்கொண்டே இருப்பாய். மதியத்தில் நான் வேலை பார்த்த துறைமுகக் கிடங்குக்கு வந்து, லங்கோட்டோடு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாய். அரை ராத்தல் கூடினால் இறங்கிக் கிடங்கைச் சுற்றி மறுபடி ஓட்டம். "இன்னா பாய், உன் தோஸ்த்த வெயில்ல காயப் போட்டுகினு கீறியே, கருவாடா?" என்று மூட்டைக்காரர்கள் கேலி செய்வார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

அந்தக் கிடங்கு வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். மாகாண பேன்டம் கோப்பையை நான் முதல் தடவை ஜெயித்த மறுவாரம் கம்பெனித் துரை கூப்பிட்டுக் கொடுத்தார். அவருக்குக் குத்துச்சண்டை என்றால் பைத்தியம். "கோப்பை உன்னிடம் இருக்கும்வரை வேலையும் உன்னிடம் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாப்பா இல்லாத வீடு, கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். எனக்கு அந்தச் சிரிப்பு வேடிக்கையாக இல்லை. உன்னிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் புலம்பினேன். அதோடு மறந்துவிட்டேன்.

நோன்பு மாதத்தில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மாலையில் வருவாய். பாங்கு சொன்னதும் அம்மா கஞ்சிக் கிண்ணத்தை முதலில் உன் முன்னால்தான் வைப்பாள். நீ அதன் ஆவியை முகர்ந்துவிட்டு, "வோணாம்மா, வயிறு ஃபுல்லா கீது" என்பாய். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த நான் உன் எதிரில் குடிப்பேன். என்னைவிட அதிகப் பட்டினி கிடந்த நீ என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். எடைக்காகத்தான் குடிக்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? சொன்னால் அம்மா வருத்தப்பட்டு உன்னைப் போட்டிக்கே போகவிடமாட்டாள் என்று பயந்தாயாம். விளைவு என்ன? "துலுக்கன் வூட்டுக் கஞ்சின்னு அந்தப் புள்ள தொடமாட்டேங்குது. வரச் சொல்லி இன்னாத்துக்கு அவமானப்படுத்திக்கணும்?" என்று அவள் மூன்று வருஷம் மனதுக்குள் புழுங்கினாள். நான் உண்மையைச் சொன்னபோது, உன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று என்மேலும் கோபித்துக்கொண்டாள்.

"ஆறே ராத்தல். மேல வாடா. வயிறாரத் தின்னுட்டு நிம்மதியா சண்ட போடு" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "அங்க கூட்டம் ஜாஸ்தி மாமு" என்பதுதான் உன் ஒரே பதில். ஒருநாள் ராயபுரத்துக் கொட்டகையில், பயிற்சிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்: "நீ பயந்தாங்கொள்ளிடா. உன்னவிடக் குள்ளமான பசங்கள அடிச்சே காலத்த ஓட்டிகினு கீறே." நீ கிளவுஸ் கயிற்றைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, "சர்தான் மாமு" என்றாய். கல்லுளிமங்கன்! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

அதற்கு முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதே கொட்டகையில் ஒருநாள் நீயும் நானும் பயிற்சிக்காக மோதிக்கொண்டிருந்தோம். நீ வயிறாரச் சாப்பிட்டு ஒரு வாரமாகியிருந்த நாள் அது. உன் இடது கை என் விலாவில் இறங்கியது. மூன்று நாள் எனக்கு மூச்சு இழுத்துவிட முடியவில்லை. நீ முகம் வெளுத்து, என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாய். அதன் பிறகு அந்த இடது கையை நீ என்னிடம் உபயோகித்ததே இல்லை. உன் கை கொஞ்சம் மட்டுப்பட்டுவிட்டது என்று நானும் மடையன்போல் நம்பினேன்.

பிறகு அந்தக் கொழும்புக்காரன் வந்தான். அவனை ஜெயித்தால் உன்னைக் கப்பலேற்றி சிங்கப்பூருக்கு அனுப்புவதாகப் போட்டி நடத்திய கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தடவை உடம்பு இறங்க மறுத்தது. கடைசியில் தலையை மழித்துக்கொண்டுதான் நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டாய். மூன்று ரவுண்டு அவனைத் துரத்தித் துரத்தி அடித்தாய். நான்காவது ரவுண்டில் அவன் உன்னைத் தொடக்கூட இல்லை, உன் முழங்கால் தானாக மடிந்தது. மூலையில் ஈரத் துண்டோடு நின்றிருந்த நான் "எந்திர்ரா! எந்திர்ரா!" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய், எழுந்திருக்கவில்லை. கொழும்புக்காரன் மேல் எனக்குக் கோபமே இல்லை. உன்னைத் தோற்கடித்தது பட்டினி.

அத்தோடு உன் குத்துச்சண்டை முடிந்தது. திரும்ப மீன் பிடிக்கக் கடலுக்குப் போனாய். அடுத்த நோன்பில் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே உட்கார்ந்து மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தாய். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நன்றாகத் தின்ன ஆரம்பித்து என்ன பயன்? மூன்றாம் வருஷம் நெஞ்சில் சளி கட்டியது, இருமினால் ரத்தம் வந்தது. வளரவேண்டிய வயதில் உடம்பைக் காயப்போட்டிருக்கிறான், எதிர்த்து நிற்க உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நெட்டுக்குப்பம் வந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உன் பெண்சாதி அஞ்சலையிடம் என் ஆற்றாமையைக் கொட்டினேன். "அன்னிக்கே பேன்டத்துக்கு வந்திருந்தா இந்த உடம்பு இப்டி கெட்டிருக்குமாம்மா? எவ்ளோ சொன்னேன்!" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உனுக்கு நெஜமாவே தெரியாதாண்ணா? மேல வந்தா உன்னோடதான் மோதணும்னு சொல்லும். நா அடிச்சா பாய் எந்திரிக்க மாட்டான், கப்பு போய்டும், கம்பெனி வேலயும் பூடும், ரெண்டு பொண்ணுங்கள வெச்சிகினு அவன் இன்னா பண்ணுவான்னு சொல்லும். நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன். உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு."

என்ன திமிர் உனக்கு! நான் தோற்பேன் என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாயா? உன்னை யார் கேட்டது? என் தங்கைகளுக்காக உன் வயிற்றைக் கட்டச் சொல்லி யார் உன் காலில் விழுந்தது? அன்று நெட்டுக்குப்பத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை நடந்தே வந்தேன். வழிநெடுக உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

திட்டி முடித்தபின் ஒன்று உறைத்தது. அதையும் உன்னிடம்தான் சொல்லவேண்டும். நீ நிஜமாகவே ஒருநாள் கொட்டகையில் வந்து நின்று, "சரி மாமு, மேல வர்றேன், வா, மோதலாம்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அந்த விலா வலியை நான் மறக்கவே இல்லை. நீ வரமாட்டாய் என்கிற தைரியத்தில்தான் உன்னை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேனோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி யார் என்று உனக்கு அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் "சர்தான் மாமு" என்றாய்.

இரண்டு தங்கைகளும் கல்யாணமாகிப் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார்கள். துரை ஊருக்குப் போய்விட்டார். வேலை மட்டும் என்னிடமே இருக்கிறது. கப்பலிலிருந்து யாராவது பெரிய மனிதர் வந்தால் புது மானேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆறு வருஷம் பேன்டம் கோப்பையை விடாதவன் என்று காட்டுவார். போன வாரமும் கூப்பிட்டார். வந்தவர் என் தோளைத் தட்டி, "ஆறு வருஷத்தில் ஒருவன்கூட உன்னை ஜெயிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.