அன்று நீ சொல்லாத காரணம்

இன்று மதியம் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரத்தில் ஜன்னல் வழியாகக் காரா பன் வாசம் வந்தது. ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் இந்தக் கிளினிக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஐயங்கார் பேக்கரி திறந்திருக்கிறார்கள். வெந்த மாவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ந்த அந்தச் சூட்டு வாசம் வந்ததும், அடுத்தவரைக் கூப்பிட மணியடிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்து, மிளகாய்த் துண்டுகளை மட்டும் பொறுக்கி என் பக்கம் தள்ளுகிற மாதிரி இருந்தது. காரம் தாங்காதவள் ஏன் எப்போதும் காரா பன்னையே வாங்கினாய் என்று உன்னிடம் நான் கேட்கவே இல்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நமக்கு அதிக நேரம் இருக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நீயும் அதைப் படிக்க விரும்ப மாட்டாய். "ஹோகே" என்று கன்னடத்தில் ஒரு போடி போட்டு, "வேற பேசு" என்று தள்ளிவிடுவாய். அதனால் வேறு பேசுகிறேன்.

நாம் சந்தித்தது பெங்களூரில், மருத்துவ நுழைவுத் தேர்வில் முதல் முறை கோட்டை விட்டவர்களுக்கான கோச்சிங் வகுப்பில். நான் ஈஜிபுராவில், கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்த அப்பா பிடித்த வாடகை வீட்டிலிருந்து வருவேன். நீ ரிச்சர்ட்ஸ் டவுனில், உன் தாத்தா காலத்து வீட்டிலிருந்து வருவாய். என்னிடம் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ், பஸ் கண்டக்டரிடம் கன்னடம், பழக்கடை பாயிடம் அவருடைய உருது என்று நொடிக்கு நொடி மாறுவாய். அந்த ஊரில் பிறந்தவள் என்பது நீ வாயைத் திறந்தாலே தெரியும். உன் வீட்டில் நீயும் உன் அப்பாவும்தான். உன் அம்மா நீ பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அங்கிள் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்.

சாம்ராஜ்நகர் பக்கம், மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியைப் பற்றி நமக்குச் சொன்னது உங்கள் கோயிலின் பங்குச் சாமியார். அந்த ஆஸ்பத்திரி ஒவ்வொரு வருடமும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, தமிழ்நாட்டில் உள்ள ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைக்கும். படிப்பு முடிந்ததும் அவள் இரண்டு வருடம் அங்கே வந்து வேலை செய்ய வேண்டும். நாம் இருவரும் நேர்காணலுக்குப் போனோம். நீ முதலிடம், நான் இரண்டாமிடம். ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் சிஸ்டர் உன்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பெங்களூர்லயே சீட் கிடைச்சுதுன்னா இதை விட்டுட்டுப் போயிடுவியா?"

"மாட்டேன் சிஸ்டர். ப்ராமிஸ்."

நீ அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வந்திருந்த பூசையில், நற்கருணை வாங்கும் நேரத்துப் பாட்டுக்கு நடுவே ஆர்கன் தடுமாறியது. பாடகர் குழு சமாளித்துக்கொண்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நீ மட்டும் பாடுவதை நிறுத்தினாய். அங்கிளின் வலது கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே சட்டைப் பொத்தானைப் போட உன்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார் என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாய். நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார். அந்தப் பெயரை உள்வாங்கிக்கொள்ளக்கூட நேரமில்லாமல், மாநிலக் கலந்தாய்வில் உனக்குப் பெங்களூர் அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இருந்தேன். அங்கிள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"நீ சிஸ்டர்கிட்ட வார்த்தை குடுத்திருக்க. போய்ப் படி. எனக்கு என்ன, நான் பாத்துப்பேன்."

"டம்ளரைப் பிடிக்க முடியல டாடி உங்களால."

"ஸ்ட்ரா போட்டுக் குடிப்பேன்."

நீ சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் சொன்னார்: "நீ எங்க வேணும்னாலும் படி. அது உன் இஷ்டம். ஆனா என்னைச் சாக்கு வெச்சு யார்கிட்டயும் உன் வார்த்தைய மாத்தாத. நான் யாருக்கும் சாக்கா இருக்க மாட்டேன்."

என்னை வழியனுப்ப நீ பஸ் நிறுத்தம் வரை வந்தாய். தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தபோது, "நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றாய்.

"என்கிட்ட கேக்காத. நீ விட்டா அந்த சீட் எனக்கு வரும். எனக்கு ஆசை இருக்கு."

"தெரியும். அதனாலதான் உன்னைக் கேக்கறேன். மத்தவங்க எல்லாம் எனக்காகப் பேசற மாதிரி பேசறாங்க."

நான் நிஜமாகவே யோசித்துச் சொன்னேன். மிஷன் கல்லூரிக்கே போ, அங்கிளை எங்கள் அம்மா தினமும் வந்து பார்த்துக்கொள்வார் என்றேன். ஈஜிபுராவிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு எங்கள் அம்மா தினமும் எப்படி வருவார் என்று நீ கேட்டாய். "உன் பஸ் வருது பார்" என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டாய். அதற்குள் நீ முடிவெடுத்துவிட்டாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது.

போனில் சொல்லியிருக்கலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். "நேர்ல பாத்துக் குடுத்தது, நேர்ல போய்த்தான் திருப்பி வாங்கணும்" என்றாய். அடுத்த நாள் காலை சாம்ராஜ்நகர் பஸ் பிடித்தோம். பயணம் முழுக்க நீ பேசவே இல்லை. உன்னோடு போன பயணங்களில் அது ஒன்றுதான் அப்படி.

சிஸ்டர் வார்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நம்மை உட்காரச் சொன்னார். நீ சுற்றி வளைக்காமல் சொன்னாய்: "சிஸ்டர், நான் பெங்களூர் காலேஜ்ல சேரப்போறேன். உங்களுக்குக் குடுத்த வார்த்தைய மாத்திக்கறேன். மன்னிச்சிடுங்க."

"ஏன்?"

"நான் முடிவு பண்ணிட்டேன் சிஸ்டர்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

நீ பதில் சொல்லவில்லை. சிஸ்டரின் முகம் இறுகியது. "பெங்களூர் பெங்களூர்தான். இங்க யாரு வருவா? சொன்னா சொன்னபடி நிப்பீங்கன்னு நம்பித்தானே நாங்க இதை நடத்தறோம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க அப்பாவுக்கு..." என்று வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். நன்றாகவே மிதித்தாய், அங்கிருந்து கிளம்பும் வரை வலித்தது. நிமிர்ந்து, தலையைக் குனியாமல் சிஸ்டரிடம் சொன்னாய்: "காலேஜுக்குத்தான் வரலேன்னு சொன்னேன் சிஸ்டர். இங்க வேலைக்கு வர மாட்டேன்னு சொல்லல."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அவர் அலுப்பாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் காலேஜுக்கு லிஸ்ட் அனுப்பல. நீ போறியா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாய். போகிறேன் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதது நீ இல்லை, நான். நீ எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று நான் ஏதோ உளறியபோது உனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "உனக்காக ஒண்ணும் இல்லடி. எங்க டாடியை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அவ்ளோதான். உன் நல்ல நேரம், நீ ரெண்டாவதா நின்னுட்டு இருந்த." அந்தப் பேச்சு என்னை எவ்வளவு லேசாக்கியது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அதன்பின் அந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூட நான் கடன்பட்டவளாக உட்காரவில்லை.

படிப்பை முடித்துவிட்டு நான் மலையடிவாரத்துக்குப் போனேன். முதல் வருடம் நானும் சிஸ்டரும் இன்னொரு வயதான டாக்டரும்தான். நீ அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய கிராமச் சேவையில் வேறொரு மாவட்டத்தில் இருந்தாய். அங்கிளையும் கூடவே கூட்டிப் போயிருந்தாய். அது முடிந்ததும் மேற்படிப்புக்குப் படிக்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை புறநோயாளிப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே தலையை நிமிர்த்தினால், வாசலில் நின்ற பஸ்ஸிலிருந்து நீ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாய். பின்னாலேயே, கண்டக்டர் ஒரு கையையும் நீ ஒரு கையையும் பிடிக்க, அங்கிள் மெல்ல இறங்கினார். சிஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். உன்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேலைக்கு வந்திருக்கேன் சிஸ்டர்" என்றாய். "ஒரு வருஷம் இருக்க முடியும்."

சிஸ்டர் அங்கிளின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டாக்டராகத்தான் கேட்டார்: "இது எப்ப ஆரம்பிச்சுது?"

"இவ காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே" என்றார் அங்கிள், ஒன்றும் அறியாமல்.

சிஸ்டர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாய். அவர் அப்போதும் பிறகும் உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மாடியில் இருந்த டாக்டர் குவார்ட்டர்ஸுக்குப் பதிலாக, கன்னியர் மடத்தை ஒட்டிய தரைத்தள அறையை அன்றே காலி செய்து உங்களுக்குக் கொடுத்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போடவைத்தார்.

நாம் சேர்ந்து வேலை செய்த அந்த வருடம் போல எனக்கு இன்னொன்று வருமா என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் தலை திரும்பாத குழந்தையை நீ வெளியிலிருந்தே தடவித் தடவித் திருப்பியதும், அந்தக் குழந்தையின் பாட்டி உன் கன்னத்தைக் கிள்ளியதும், "அஜ்ஜி, வலிக்குது" என்று நீ கன்னடத்தையும் தமிழையும் கலந்து கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. மடத்துச் சிற்றாலயத்தில் அங்கிள் இடது கையால் ஆர்மோனியம் வாசிப்பார். துருத்தியை நீ அசைப்பாய். பாதிப் பாட்டில் உன்னை வார்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பாட்டு அப்படியே மூச்சடங்கி நிற்கும், கன்னியர்கள் சிரிப்பார்கள்.

அங்கிள் இப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில்தான் இருக்கிறார். உன் அத்தை வந்து கூட இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். உன்னைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் சிஸ்டரைப் பாக்கப் போனீங்களே. என்னைச் சாக்கா சொன்னாளா?"

இத்தனை வருடமாக அவர் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

"இல்ல அங்கிள். சிஸ்டர் திட்டினாங்க. அப்பகூடச் சொல்லல. நானா சொல்ல வந்தேன், காலை மிதிச்சிட்டா."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். முகத்தசைகள் இறுகிப்போன பிறகு அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண் சிரித்தது. "மிதிச்சாளா?" என்றார். "இன்னொரு தடவை சொல்லு." முதலிலிருந்து சொன்னேன். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததிலிருந்து, ஒன்றையும் விடாமல்.

எனக்கு உன்னைப் போல நான்கு மொழிகள் வரவில்லை. உன் கைப்பக்குவமும் வரவில்லை. ஒன்று மட்டும் வந்திருக்கிறது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு நேரில் போகிறேன். இந்தக் கிளினிக்கின் முதலாளி வாரம் முழுக்க வரச் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அவர் பரிவாகவே கேட்டார். அங்கிளின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல சார். நான்தான் வர்றதில்லேன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றேன்.