பொழுதுபோக்கு: செஸ், நீச்சல், ஓவியம்

11-2-79, ஞாயிறு

பத்து மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, மறுபடி படுத்து, மூன்று மணிக்கு எழுந்தேன். பிறகு ஆறு மணி வரை கூட்டாளி மருதப்பனோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. ராஜபாளையம் வண்டி இன்றும் தாமதம். கண்டக்டர் புது ஆள். வேறு விசேஷம் இல்லை.

வாரப் பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதிக்கு எழுதிப் போட்டேன். பெயர் ராஜதுரை, வயது 28, உர வியாபாரம். (உரக்கடையில் பில் போடுகிறவனை வேறு எப்படிச் சொல்வது?) ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தூக்கம், பஸ் பார்ப்பது என்று எழுதினால் எந்தப் பெண் கடிதம் போடுவாள்? செஸ், நீச்சல், ஓவியம் என்று போட்டேன்.

4-3-79

பெயர் அச்சில் வந்துவிட்டது. தங்கப்பழம் அக்காவிடம் காட்டினேன். “ஏலே, நீ எப்ப நீச்சலடிச்ச?” என்றாள்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “தம்பி ஒரு நெலைக்கு வரட்டும்” என்று தள்ளிப்போட்டாள். நான் இன்னும் வந்தபாடில்லை. அவளுக்குப் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது. இதெல்லாம் அவளுக்கு எங்கே புரியும்.

13-3-79

ஒரே ஒரு கார்டு வந்தது. கொழும்பிலிருந்து அல்ல, மலேசியாவிலிருந்து அல்ல — புளியங்குடியிலிருந்து. பெண்ணும் அல்ல. நல்லகண்ணு, வயது 40, எலுமிச்சை மண்டியில் வேலை.

‘இந்தப் பக்கம் செஸ் ஆட ஆளே இல்லை. கார்டிலேயே ஆடலாம். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியிருக்கிறேன். தங்கள் ஆட்டத்தை எழுதவும்.’

மருதப்பன், “பதில் போடாண்டாம் வே. ஆளு செத்துட்டான்னு நெனச்சுக்கிடுவாரு” என்றான். பொய் சொன்னது சொன்னதுதான். அதற்காகச் சாக வேண்டுமா?

18-3-79

திருநெல்வேலி போய் செஸ் போர்டும் ஒரு புத்தகமும் வாங்கி வந்தேன். நாலு பக்கம் படித்தேன். குதிரை மட்டும் ஏன் நேராக நடக்க மாட்டேன் என்கிறது? தூங்கிவிட்டேன்.

23-3-79

அக்கா ராட்டையைச் சுற்றிக்கொண்டே அந்தப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருக்கிறாள்.

“கார்டு வந்து பத்து நாளாச்சுலே. மனுசன் காத்துக்கெடப்பாரு. நீயும் அதே சிப்பாய ரெண்டு கட்டம் வையி.”

எழுதிப் போட்டேன். என் முதல் ஆட்டம்.

17-5-79

‘தங்கள் ஆட்டத்தில் நல்ல நிதானம் இருக்கிறது’ என்று நல்லகண்ணு எழுதியிருக்கிறார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அக்கா சின்னச் சின்ன உதவிதான் செய்கிறாள். எதை எங்கே வைப்பது என்று சொல்வாள், அவ்வளவுதான். எழுதுவது நான்.

9-6-79

சோறு கருகிவிட்டது. எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. யானையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

28-7-79

நல்லகண்ணு எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேரிலேயே ஒரு ஆட்டம் ஆடலாமாம்.

“ஊர்ல இல்லன்னு எழுதிருவமாக்கா?”

“வரட்டும்” என்றாள். போர்டை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைத்தாள்.

5-8-79

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வந்தார். பாதி நரைத்த தலை, மெலிந்த உடம்பு, கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். காய்களை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, பதினேழாவது கார்டுல யானைய வெட்டக் குடுத்தீகளே, என்ன நெனச்சுக் குடுத்தீக? மூணு நாளா எனக்கு வேலையே ஓடல.”

“அது ... ஒரு எரக்கத்துலதான்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது.

“எரக்கமும் இல்ல ஒண்ணுமில்ல. யானைய எடுக்க உங்க ராணி ஓரத்துக்குப் போயிரும். ராஜாவுக்குத் துணையில்லாமப் போயிரும்லா.”

அவர் போர்டை மெதுவாக அடுக்களைப் பக்கம் திருப்பி வைத்தார்.

“கார்டு போட்டது நீங்கதானா?”

“கையெழுத்து அவனுது” என்று சொல்லிக்கொண்டே அக்கா கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து இடம் விட்டேன். இரண்டு மணி நேரம். தோற்றுவிட்டு அத்தனை சந்தோஷமாக எழுந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

வழியனுப்பப் போனபோது, நீச்சலும் தெரியாது என்று நானாகவே சொல்லிவிட்டேன்.

“அது அப்பவே தெரியும் தம்பி. சங்கரங்கோயில்ல எங்கன அவ்வளவு தண்ணி கெடக்கு?”

19-10-79

சண்முகையா மாமா வந்தார். நல்லகண்ணு அவரிடம் ஆள் விட்டு அக்காவைப் பெண் கேட்டிருக்கிறார். மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை.

“இந்த வயசுல கல்யாணம்னா ஊரு சிரிக்கும்லா” என்றார் மாமா.

அக்கா என்னிடம்தான் கேட்டாள். “நீ என்னலே சொல்லுத?”

இங்கே பொய் எழுதி என்ன பயன்? காலையில் காப்பி யார் போடுவார் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. “ஒரு நாள் யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு நூல் சுற்றப் போய்விட்டாள்.

அப்பா செத்த அன்று, என்னை யார் வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. அவளுக்குப் பதினெட்டு வயது. அவளும் யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை — இதை இவ்வளவு காலம் நான் யோசித்ததே இல்லையே, ஏன்?

20-10-79

விடிந்ததும் மாமா வீட்டுக்குப் போய் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

27-1-80

கோவிலில் கல்யாணம். “பொண்ணு தேடி எழுதிப் போட்டு மாப்பிள்ளையப் புடிச்சிட்டேரே வே” என்றான் மருதப்பன். ஊர் சிரிக்கவில்லை. அவன் ஒருவன்தான் சிரித்தான்.

16-3-80, ஞாயிறு

புளியங்குடி போனேன். இருவரும் போர்டுக்கு முன்னால். “வாலே” என்றாள் அக்கா, தலை நிமிராமல். அத்தான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நிலைமை மோசம் போல.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு நானே அடுக்களைக்குள் போனேன். டப்பாக்களைத் திறந்து திறந்து சீனியைக் கண்டுபிடித்து, மூன்று பேருக்கும் காப்பி போட்டேன். அக்கா ஒரு வாய் குடித்தாள்.

“நல்லாத்தான்லே போட்டிருக்க” என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஐந்து மணிக்கு இன்னொரு தடவை காப்பி போட்டேன்.